எந்த இசைத்தட்டை வாங்குவது?

(சங்க ஆண்டு விழாவில் நூலகக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)



செயலாளர் சற்று முன் படித்த ஆண்டறிக்கையில், 'இசைத்தட்டுகள் ஐந்து வாங்க ஒதுக்கிய தொகை' என்று ஒரு வரி வந்தது. அவ்வரியைக் கேட்டதும் பின்வரிசையில் எழுந்த சலசலப்பு எங்கள் செவிக்கும் எட்டியது. அதற்கு விளக்கம் கூறுவதே இன்று எங்களுக்கு இட்ட பணி.

சென்ற ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர் ஒருவரின் குடும்பத்தார், அவர் கண்ணெனக் காத்துவந்த இசைத்தட்டுக் கருவியையும், கருநாடக இசைத்தட்டுகள் நிறைந்த பெட்டி ஒன்றையும் சங்கத்திற்கு வழங்கினர். ஞாயிறுதோறும் பெரியோர்கள் கூடி அவற்றைக் கேட்டு வருகிறார்கள். இதனைக் கண்ட நம் காலனி இளைஞர் சிலர், தங்களுக்கும் ஒரு மாலை வேண்டும் என்றும், தாங்கள் விரும்பும் 'புரோகிரஸிவ் ராக்' தட்டுகளைச் சங்கம் வாங்கித் தரவேண்டும் என்றும் விண்ணப்பித்தார்கள். பொதுக்குழுவில் இதன்மேல் பூசலே எழுந்தது. 'தமிழ்ச் சங்கத்தின் பணத்தில் ஆங்கில இரைச்சலா?' என்று ஒரு பெரியவர் கேட்டார். சந்தா கட்டும் குடும்பங்களின் பணமாதலின் அவர் கேட்டது முறையே. 'பிள்ளைகள் சங்கத்தின் படியை மிதிப்பதே அரிதாக இருக்கிறது. தாமாக வந்து ஒன்றைக் கேட்கும்போது கதவைச் சாத்துவதா?' என்று ஓர் அம்மையார் கேட்டார். அதுவும் முறையே. ஐந்து தட்டுகள் என்று முடிவாயிற்று. எந்த ஐந்து என்னும் சுமை எங்கள் தலைமேல் வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் புதிய தட்டு ஒன்றின் விலை இன்று 3,000 ரூபாயை எளிதில் தாண்டுகிறது. ஆகவே பொறுக்கி எடுக்கவேண்டிய கடமை பெரிது.

இவ்விசை யாது எனப் பலர் வினவலாம். 1960களின் இறுதியில் இங்கிலாந்து நாட்டு இளைஞர் சிலர், மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் ராக் பாட்டில் நிறைவு கொள்ளாமல், மேனாட்டுச் செவ்வியல் இசையையும், ஜாஸ் இசையையும், தேவாலயப் பாடல்களின் சாயலையும் கிதாரோடும் டிரம்மோடும் கலந்து நீண்ட உருப்படிகளை அமைத்தார்கள். அதற்கு இடம் தந்தது 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்த நீண்ட நேரத் தட்டு. நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் அத்தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடத்திற்குக் குறையாமல் இசைக்கும். அந்த இருபது நிமிடத்தை ஒரே உருப்படியாக நிரப்பினால் என்ன என்னும் துணிவே இவ்விசையின் பிறப்பு என்று கூறலாம். இராகம், தானம், பல்லவி என விரிவதைக் கேட்டுப் பழகிய நம் பெரியோர்க்கு நீளம் ஒரு குற்றமாகத் தோன்றாது.

'எல்லாமே கைப்பேசியில் கிடைக்கும்போது தட்டு எதற்கு?' என்று கேட்பவர் உண்டு. அக்கேள்வியையே நாங்கள் அளவுகோலாகக் கொண்டோம். தொகுப்பில் ஒரு பாட்டு மட்டும் நன்றாயிருந்து, அதைத் தனியே கேட்டாலே போதும் என்றால், அதனைக் கைப்பேசியிற் கேட்டுவிடலாம். சங்கத்தின் பணம் வேண்டா. ஊசியை வைத்தபின் பக்கம் முடியும்வரை எடுக்க மனம் வராத தட்டு எதுவோ, அதுவே வாங்கத் தக்கது. இளைஞர் கொடுத்த பட்டியலில் இருந்தவை இருபதுக்கும் மேல். அத்தனையையும் கைப்பேசியில் மும்முறை கேட்டோம். முதன்முறை எல்லாம் இரைச்சல்; இரண்டாம் முறை சில இனித்தன; மூன்றாம் முறை கேட்டபோது, இனித்தவற்றுள்ளும் சில சலித்தன. மூன்றாம் முறையும் நின்றவற்றையே எடுத்துக்கொண்டோம்.

முதலில் நின்றது கிங் கிரிம்ஸன் என்னும் குழுவினர் 1969 அக்டோபரில் வெளியிட்ட 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்ஸன் கிங்'. அலறும் முகம் ஒன்றைத் தீட்டிய அதன் அட்டையைக் கண்டு அஞ்ச வேண்டா. அதை வரைந்த பாரி காட்பர் என்னும் இளைஞர் மறு ஆண்டே, தம் 24ஆம் வயதில் இறந்துபோனார். இத்தட்டில் வயலின் கூட்டம்போல் எழும் பேரொலி, வயலின்களிலிருந்து நேரே வருவதன்று. மெலோட்ரான் என்னும் கருவியில் ஒவ்வொரு கட்டையின் கீழும் ஒலிநாடாத் துண்டு ஒன்று இருக்கும்; கட்டையை அழுத்தினால் அதிற் பதிந்த வயலின் ஒலி ஏறத்தாழ எட்டு வினாடி ஒலித்து நின்றுவிடும்; விரலை எடுத்தால் நாடா பின்னுக்கு ஓடிவிடும். அந்த எட்டு வினாடிக்குள் விரலை மாற்றி மாற்றி வாசித்த நடுக்கமே அவ்விசைக்கு ஒரு சோகத்தைத் தருகிறது. குறையும் உண்டு. இரண்டாம் பக்கத்தில் 'மூன்சைல்ட்' என்னும் உருப்படியில், பாட்டு விரைவில் முடிந்துவிட, எஞ்சிய பல நிமிடங்கள் மனம்போன போக்கில் தட்டித் தடவிச் செல்கின்றன. அந்த இடத்தில் தேநீர் வழங்கலாம் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார்.

அடுத்தது யெஸ் குழுவினரைப் பற்றியது. இங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் எங்களுக்குள் மிகுந்த வாதம் நடந்தது இக்குழுவின் இரண்டு படைப்புகளின்மேல்தான். இரண்டும் பாரதநாட்டோடு தொடர்புடையவை.

1972இல் வந்த 'குளோஸ் டு தி எட்ஜ்' தொகுப்பில் மூன்றே உருப்படிகள். முதற்பக்கம் முழுவதும் ஒன்றே; ஏறத்தாழ 18 நிமிடம். பாடகர் ஜான் ஆண்டர்சன், புத்தர் காலத்து இந்தியாவைக் களமாகக் கொண்டு ஹெர்மன் ஹெஸ்ஸே எழுதிய 'சித்தார்த்தா' என்னும் நாவலைப் படித்த ஊக்கத்தில் அமைத்தது அது. நீரோட்டமும் பறவைகளின் குரலும் மெல்லக் கேட்கத் தொடங்கி, திடீரென்று எல்லாக் கருவிகளும் ஒன்றோடொன்று மோதி ஓடுகின்றன. கிறிஸ் ஸ்குவையரின் பாஸ் கிதார் துணைக்கருவியாக அடங்கி நில்லாமல் முன்வந்து பேசுகிறது. நடுவே எல்லாம் அடங்கி, அமைதியில் குரல்கள் மட்டும் மிதக்க, ரிக் வேக்மன் வாசிக்கும் தேவாலய ஆர்கன் இடியென எழுகிறது. அந்த ஆர்கனை இலண்டன் நகரத்துத் தேவாலயம் ஒன்றிலேயே பதிவு செய்தார்கள். முடிவில் மீண்டும் பறவைகள். தொடக்கத்தில் குழப்பமாகத் தோன்றிய பகுதி ஏன் அவ்வாறு அமைந்தது என்பது, இறுதி வந்த பிறகே விளங்குகிறது. பாதியில் நிறுத்தியவர்க்கு இவ்வின்பம் இல்லை. எங்கள் அளவுகோலுக்கு இதனினும் பொருந்திய தட்டு வேறில்லை.

1973இல் அதே குழுவினர் 'டேல்ஸ் ஃப்ரம் டோப்போகிராஃபிக் ஓஷன்ஸ்' என்னும் இரட்டைத் தட்டை வெளியிட்டார்கள். பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் எனச் சாத்திரங்களை வகுத்துக் கூறும் ஓர் அடிக்குறிப்பைக் கண்டு, அதே ஆண்டர்சன் பக்கத்திற்கு ஒன்றாக நான்கு உருப்படிகளை அமைத்தார். நம் சாத்திரங்களின் பெயரால் அமைந்ததாதலின் இதையே சங்கம் வாங்கவேண்டும் என்று குழுவில் இருவர் விரும்பினர். நாங்கள் உடன்படவில்லை. அடிக்குறிப்பளவான கருத்தை எண்பது நிமிடத்திற்கு நீட்டியிருக்கிறார்கள். அழகிய இடங்கள் ஆங்காங்கே உண்டு; அவற்றிற்கு இடையே நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கிறது. ஆர்கன் வாசித்த வேக்மனுக்கே இதில் மனம் ஒட்டவில்லை. மான்செஸ்டர் நகரத்துக் கச்சேரியில் மேடையிலேயே கறியுணவு உண்டதாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். 1974இல் குழுவிலிருந்து விலகவும் செய்தார். பொருள் உயர்ந்தது என்பதனால் பாட்டும் உயர்ந்துவிடுமா? அன்றியும் இரட்டைத் தட்டின் விலையும் கூடுதல்.

மூன்றாவதாகத் தேர்ந்தது ஜெத்ரோ டல் குழுவின் 'திக் அஸ் எ பிரிக்', 1972. இரு பக்கமும் சேர்ந்து ஒரே பாட்டு. முந்திய ஆண்டு இவர்கள் வெளியிட்ட 'அக்வாலங்' தொகுப்பை, ஒரே கருத்தின்மேல் கட்டியது என்று திறனாய்வாளர் கூறப்போக, அப்படியானால் உண்மையாகவே ஒன்று செய்து காட்டுவோம் என்று இயன் ஆண்டர்சன் நகையாட்டாகச் செய்தது இது. எட்டு வயதுச் சிறுவன் எழுதிய கவிதை என்று ஒரு பொய்க்கதையைப் புனைந்து, தட்டின் உறையையே பன்னிரண்டு பக்கச் செய்தித்தாளாக அச்சிட்டார்கள். புல்லாங்குழல் இதில் தலைமை ஏற்கிறது. நூலகத்தில் வைத்துப் படிக்கவும் தக்க இசைத்தட்டு வேறு எங்கே கிடைக்கும்? வாங்கும்போது அச்செய்தித்தாள் முழுதாக இருக்கிறதா என்று கடைக்காரரைக் கேட்டுக்கொள்வது நலம்.

ஜெனிசிஸ் குழுவின் 'செல்லிங் இங்கிலாண்ட் பை தி பவுண்ட்' (1973) நான்காவது. இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. இதன் நேரம் 53 நிமிடத்திற்கும் மேல். ஒரு பக்கத்தில் நேரம் கூடக் கூட வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்டவேண்டி வரும். ஒலியின் அளவைக் குறைக்கவேண்டி வரும். ஊசியின் உராய்வும் தூசியின் ஒலியும் மேலெழுந்து கேட்கும். நடுவட்டத்தை நெருங்கும்போது ஒலியின் தெளிவும் குறையும். ஆகவே இதனைக் குறுந்தகடாக வாங்குவதே தக்கது என்று ஒருவர் வாதிட்டார். ஆயினும் சங்கத்திலுள்ளது தட்டுக்கருவி ஒன்றே. 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' உருப்படியில், முதலில் புல்லாங்குழல் பாடும் மெட்டையே பின்னர் ஸ்டீவ் ஹாக்கெட் கிதாரில் எடுத்து நீட்டி நீட்டி அழவைக்கும் இடத்திற்காகவே இக்குறையைப் பொறுத்துக்கொண்டோம். எப்பிங் காட்டில் நடந்த கும்பல் சண்டையைப் பற்றிய பாட்டில் சொற்கள் இசையை மூச்சுவிட விடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' எங்கே என்று இளைஞர் பார்க்கிறீர்கள். 1973 மார்ச்சில் வெளிவந்து, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மொத்தம் 700 வாரத்திற்கு மேல் இடம்பெற்ற அத்தொகுப்பின் தகுதியில் ஐயம் இல்லை. நம் காலனியில் மூன்று வீடுகளில் அத்தட்டு இருக்கிறது. மூவரும் இரவல் தர இசைந்துள்ளார்கள். இருப்பதை மீண்டும் வாங்குவானேன்? எமர்சன், லேக், பாமர் மூவரின் தட்டுகளில் விரல்களின் வேகம் வியக்க வைக்கிறது. மூன்றாம் முறை அவ்வியப்பு மட்டும் எஞ்சவில்லை.

முதற்பதிப்பைத் தேடி அலைவது பற்றியும் ஒரு சொல். கிங் கிரிம்ஸனின் அத்தட்டு 1969இல் இளஞ்சிவப்புச் சிட்டையோடு வந்த பதிப்புக்குச் சேகரிப்போர் பெருந்தொகை கொடுக்கிறார்கள். கேட்பதற்கு வாங்கும் நமக்கு அது வேண்டா. ஸ்டீவன் வில்சன் என்னும் இசைஞர் பழைய மூலநாடாக்களிலிருந்து புதிதாகக் கலந்தமைத்த பதிப்புகள், நாங்கள் கூறியவற்றுள் முதல் மூன்றுக்கும் 2009 முதல் 2013 வரை வெளிவந்துள்ளன. பழைய தட்டே மலிவாகக் கிடைக்குமாயின், விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பார்த்துக் கீறல் இல்லை எனக் கண்டு, சமதளத்தில் வைத்து வளைவு இல்லை எனத் தெளிந்து வாங்கலாம்.

ஐந்தாவதில் எங்கள் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு சாரார் கேமல் குழுவின் 'தி ஸ்னோ கூஸ்' (1975) வேண்டும் என்கிறார்கள். பால் காலிகோ எழுதிய சிறுகதையைத் தழுவிய அதில் பாட்டு வரிகளே இல்லை. தனியே வாழும் ஓவியன், அடிபட்ட வாத்தைக் கையில் ஏந்திவரும் சிறுமி, 1940இல் டன்கர்க் கடற்கரையில் படைவீரரைப் படகில் மீட்கச் சென்று அவன் மாள்வது ஆகிய அனைத்தும் கருவிகளாலேயே சொல்லப்படுகின்றன. ஆங்கிலப் பாட்டு வரிகள் புரியவில்லை என்று ஒதுங்கும் பெரியோரும் உடனிருந்து கேட்கலாம் என்பது அவர்கள் கூற்று. மற்றொரு சாரார் கிங் கிரிம்ஸனின் 'ரெட்' (1974) என்கிறார்கள். அது வன்மையானது, இருண்டது. ஆனால் இறுதியில் வரும் 'ஸ்டார்லெஸ்' பன்னிரண்டு நிமிடமும் எழுந்து போக விடாது. கேட்டவர் இளைஞர், அவர்கள் முதலில் எழுதித் தந்த பெயரே அதுதான் என்பது அவர்கள் வாதம்.

இதனை நாங்களாக முடிவு செய்ய விரும்பவில்லை. அடுத்த இரு ஞாயிறு மாலைகளிலும் ஆறு மணிக்கு இவ்விரண்டையும் சங்கக் கூடத்தில் ஒலிபெருக்கி வழியாகக் கேட்பிக்கிறோம். முதல் ஞாயிறு 'ஸ்னோ கூஸ்', மறு ஞாயிறு 'ரெட்'. வாக்குச்சீட்டு நூலக மேசைமேல் இருக்கும். இரு நாளும் வந்து, இரண்டையும் முழுதாகக் கேட்டவர்க்கே வாக்கு. பொதுக்குழுவில் 'ஆங்கில இரைச்சல்' என்று கேட்ட பெரியவர் இரு நாளும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்; அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறோம்.