நம் நிலமும் நம் சோறும்: நாட்டின் உணவு உறுதிப்பாடு குறித்த சில சிந்தனைகள்



மொழிக்கென அமைந்த பேரவையில் அரிசியையும் நிலத்தையும் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் எண்ணக்கூடும். ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குவோம். மலாய்மொழியில் 'கெசெலாமாத்தான் மக்கானான்' என்பது வேறு. 'செக்குரிதி மக்கானான்' என்பது வேறு. முன்னது உணவில் நஞ்சும் கலப்படமும் சேராமற் காப்பது. பின்னது எல்லாக் குடும்பத்துக்கும் எல்லாக் காலத்தும் போதிய உணவு கட்டுபடியாகும் விலையிற் கிடைக்கச் செய்வது. தமிழில் நாம் இவ்விரண்டையும் பெரும்பாலும் 'உணவுப் பாதுகாப்பு' என்றே எழுதிவிடுகிறோம். கெட்டுப்போன மீனை விற்றவர்மீது சுகாதார அதிகாரியிடம் முறையிடலாம். அரிசியே இல்லாத கடையைக் குறித்து யாரிடம் முறையிடுவது? இரண்டும் வெவ்வேறு கேள்விகள். வெவ்வேறு சொற்கள் வேண்டும். இவ்வுரையில் பின்னதை 'உணவு உறுதிப்பாடு' என வழங்குவோம்.

அரிசி இல்லாத கடை கற்பனையன்று. 2023ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள், பாசுமதி அல்லாத வெள்ளையரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. நம் வீடுகளில் விரும்பி உண்ணும் பொன்னிப் பச்சரிசியும் அத்தடைக்குள் அடங்கிற்று. ஆகஸ்டு 25இல் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி வந்தது. நம் நாட்டிலோ அரிசியை இறக்குமதி செய்யும் உரிமை பெர்னாஸ் என்னும் ஒரே நிறுவனத்திடம் இருக்கிறது. செப்டம்பர் முதல் நாள் அந்நிறுவனம் இறக்குமதி வெள்ளையரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்த்தியது. உள்நாட்டு வெள்ளையரிசிக்குக் கிலோ 2 ரிங்கிட் 60 சென் என்னும் உச்சவரம்பு விலையே 2008 முதல் நீடித்து வந்தது. அடுத்து நிகழ்ந்ததை நாம் அனைவரும் அறிவோம். மலிவான உள்நாட்டு அரிசி கடை அடுக்குகளிலிருந்து மறைந்தது.

பதுக்கலே காரணம் என்று பலர் கூறினர். பதுக்குவோர் இருந்திருக்கலாம். ஆயினும் ஏறத்தாழ ஒரே தன்மையுள்ள இரு மூட்டைகளுள் ஒன்று 2 ரிங்கிட் 60 சென்னுக்கும் மற்றொன்று 3 ரிங்கிட் 20 சென்னுக்கு மேலும் விற்குமானால், மலிவான மூட்டையை எல்லாரும் நாடுவர். அது விலையுயர்ந்த மூட்டையாக உருமாறவும் தூண்டுதல் பிறக்கும். சோதனை அதிகாரிகளைப் பெருக்குவதால் மட்டும் இத்தூண்டுதல் நீங்காது.

இங்கு இன்னொன்றையும் எண்ண வேண்டும். பதினைந்து ஆண்டுகள் விலை ஏறாத அரிசியின் மலிவுக்கு விலை கொடுத்தவர் யார்? உரம் ஏறியது, உழவு எந்திர வாடகை ஏறியது, அறுவடைக் கூலி ஏறியது. அச்சுமையில் பெரும்பங்கு நெல் விளைவித்தவன் தோளில் விழுந்தது. 2025ஆம் ஆண்டில்தான் நெல்லுக்கான குறைந்தபட்ச விலை டன்னுக்கு 1,300 ரிங்கிட்டிலிருந்து 1,500 ரிங்கிட்டாக உயர்ந்தது. இன்று வயலில் இறங்குவோருள் முதியோரே மிகுதி என்பதில் வியப்பில்லை. அதே வேளையில், தாமான் வீடுகளில் நாட்கூலியில் வாழும் நம் குடும்பங்களுக்கு ஒரு மூட்டை அரிசியில் ஐந்து ரிங்கிட் கூடுவதும் சுமையே. உழவனுக்கு நியாய விலை கொடுத்து, ஏழைக் குடும்பத்தின் கையில் உதவித்தொகையை நேரே சேர்ப்பதே நேரிய வழி என்பது நம் கருத்து. மூட்டைக்கு மூட்டை விலையை அழுத்திவைத்தால் செல்வரும் அம்மலிவையே துய்ப்பர்.

இறக்குமதியை நம்பிய இந்நிலை எப்போது தொடங்கிற்று? அதன் வேரை நம் ஜாசின் மாவட்டத்திலேயே காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாக்காவின் உட்பகுதிகளில் சீன முதலாளிகள் மரவள்ளியைப் பரவலாகப் பயிரிட்டு, அதன் மாவை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தனர். அத்தகைய குடும்பத்தைச் சேர்ந்த டான் சே யான், 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பின்னர் ஆசாகானில் பெருந்தோட்டம் அமைத்தார். ரப்பர் கன்றுகள் வளரும் வரை அவற்றினிடையே மரவள்ளியும் விளைந்தது. இச்செய்தியை நினைவில் வைத்திருங்கள். மீண்டும் இதற்கு வருவோம்.

ரப்பர் பெருகவே கங்காணிகள் வழியாகத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் வந்தனர். மலாயா ரப்பரையும் ஈயத்தையும் விற்று, பர்மாவிலும் சயாமிலும் அரிசி வாங்கிற்று. போருக்கு முன் இந்நாட்டின் அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கடல் கடந்து வந்ததே. தோட்டத் தமிழர் 'இரங்கூன் அரிசி' என்று சொன்னது வெறும் வகைப்பெயர் அன்று. அவர்தம் சோறு வந்த துறைமுகத்தின் பெயர். சப்பானியர் ஆட்சியில் கப்பல்கள் நின்றன. ரப்பரை வாங்குவார் இல்லை. அரிசியைக் கொணர்வாரும் இல்லை. பல்லாயிரம் தமிழர் சயாம் இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். லயங்களில் எஞ்சியோர் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தனர். சில தோட்டங்களில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுக் கிழங்கு நட்டனர். மரவள்ளியை விலக்கி ரப்பர் நிலைபெற்ற மண்ணில், ரப்பரை வெட்டி மீண்டும் மரவள்ளி நட நேர்ந்தது.

விடுதலை பெற்ற நாடு இப்பட்டறிவைப் புறக்கணிக்கவில்லை. பெடு, மூடா அணைகளைக் கட்டி, 1970இல் கெடா, பெர்லிஸ் சமவெளியில் ஆண்டுக்கு இருபோகம் விளையச் செய்தது பெருஞ்சாதனை. நீர்நிலை பெருக்குக என்று குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுறுத்திய புறநானூற்றின் 18ஆம் பாடலை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்கள், அதற்கு இக்காலச் சான்றாக மூடாவைக் காட்டலாம். மக்கள்தொகை பன்மடங்கு பெருகியும், இன்று நம் அரிசித் தேவையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு உள்நாட்டில் விளைகிறது. ஆனால் அவ்வணைகளும் மழையை நம்பியவையே. பருவம் தவறும் ஆண்டுகளில் இருபோகமும் தடுமாறும்.

அரிசியோடு கணக்கு முடியவில்லை. 2022 ஜூன் முதல் நாள் அரசு கோழி ஏற்றுமதியை நிறுத்த வேண்டி வந்தது. கோழியில் நாம் தன்னிறைவு பெற்றுவிட்டதாக ஏட்டில் எழுதலாம். அக்கோழி தின்னும் மக்காச்சோளம் அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வருகிறது. தீவனத்தின் விலை ஏறினால் கோழியின் விலையும் ஏறும். வெங்காயத்தின் நிலையும் இதுவே. 2023 டிசம்பரில் இந்தியா அதன் ஏற்றுமதியைத் தடுத்தபோது நம் சமையலறைகள் அதனை உடனே உணர்ந்தன.

நம் சமூகத்தின் தனி இழப்பு ஒன்றும் இதில் உண்டு. லயத்து வாழ்க்கையை அழகுபடுத்திப் பேச நாம் விரும்பவில்லை; அதன் வறுமையும் அடிமைத்தனமும் நாம் அறிந்தவையே. எனினும் லயத்தின் பின்புறத்தில் முருங்கை நின்றது. மரவள்ளி, வாழை, கத்தரி, வெண்டை, பாகல், கீரை விளைந்தன. ரப்பர் மர நிழலில் மாடுகள் மேய்ந்தன. பட்டணத்துக்குப் பால் கொண்டுசென்றோர் தோட்டத்து மாட்டுக்காரர்களே. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தனர். தலைமுறைகளாக மண்ணில் உழைத்த குடும்பங்கள், ஒரு பாத்தி கீரைக்கும் இடமின்றி வெளியேறின. கூலி சற்று உயர்ந்திருக்கலாம். ஆனால் கூலி குறைந்த நாளில் குழம்புக்கு வழி காட்டிய கொல்லை போயிற்று. அத்தோட்டங்களை விற்றவர்களின் கணக்கேட்டில் இக்கொல்லைக்கு விலை எழுதப்பட்டதே இல்லை.

1974இல் துன் அப்துல் ரசாக் காலத்தில் 'புக்கு ஈஜாவ்' என்னும் பச்சைப் புத்தகத் திட்டம் வீட்டுத்தோட்டங்களை ஊக்குவித்தது. நற்றிட்டமே. ஆனால் நிலமில்லாத குடும்பத்துக்கு விதைப் பொட்டலம் மட்டும் பயன் தராது.

இப்போது டான் சே யானின் மரவள்ளிக்குத் திரும்புவோம். நாட்டில் ஏறத்தாழ 56 இலட்சம் ஹெக்டர் நிலம் செம்பனையின்கீழ் இருக்கிறது. ஒரு செம்பனை மரத்தின் பயன்காலம் ஏறக்குறைய 25 ஆண்டுகள். அதன்பின் மறுநடவு செய்தல் வேண்டும். அவ்வாறே முறையாக நடந்தால், ஆண்டுதோறும் இரண்டு இலட்சம் ஹெக்டருக்கு மேற்பட்ட நிலத்தில் இளங்கன்றுகள் நிற்கும். முதல் மூன்று ஆண்டுகள் கன்றுகளுக்கிடையே வெயில் நன்கு விழும். அங்கே மக்காச்சோளம், நிலக்கடலை, வாழை, சர்க்கரைவள்ளி ஆகியவற்றை ஊடுபயிராக வளர்க்கலாம். நெல் அங்கு விளையாது. ஆட்பற்றாக்குறை பெருந்தடை, விளைந்ததை வாங்க உறுதியான சந்தை இல்லையேல் எந்தச் சிறுதோட்டக்காரரும் முன்வரார். இருப்பினும் புதுக்காட்டை அழிக்காமல், உள்ள நிலத்திலேயே தீவனத்தின் ஒரு பகுதியையேனும் பெற இஃது ஒரு வழி. மறுநடவு நிலத்தை அருகிலுள்ள குடும்பங்களுக்கு மூன்றாண்டுக் குத்தகைக்கு விடுமாறு தோட்ட நிறுவனங்களைக் கேட்பதில் தவறில்லை. குத்தகை எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழி வாக்குறுதியை நம்பி உழைத்த அனுபவம் நம்மவர்க்குப் போதுமான அளவு உண்டு.

இம்முயற்சிக்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஜாசின் வளாகம் நம் மெர்லிமாவிலேயே உள்ளது. தோட்டப்பயிர்த் துறை அங்கே கற்பிக்கப்படுகிறது. இவ்வட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் அவர்களை அணுகி, ஊடுபயிர் பற்றி மாணவர்க்கு விளக்கச் செய்யலாம்.

பேரவைக்கும் ஒரு பணி உண்டு. தோட்டத்துக் கொல்லையில் எவ்வெவற்றை நட்டனர், எந்த மாதத்தில் நட்டனர், விதையை எப்படிக் காத்தனர், கிழங்கு வகைகளை எப்பெயரால் அழைத்தனர் என்பவை இன்று எழுபது, எண்பது வயதைக் கடந்தோர் நினைவில் மட்டுமே உள்ளன. இடைநிலைப்பள்ளி மாணவர்கள் தத்தம் பாட்டி தாத்தாவிடம் கேட்டு, ஒருவர் இருபது சொற்களாயினும் குறித்துவரட்டும். செய்முறையையும் சொல்லோடு சேர்த்தே எழுதவேண்டும். பயிர்ப்பெயர் மட்டும் இருந்தால் அதனைக் கொண்டு யாரும் பயிரிட இயலாது. பள்ளி விடுமுறைக்குள் ஏடுகள் வந்து சேருமாயின், இவ்வுரை வரிசையின் அடுத்த நூலில் அவற்றை இணைப்பாக அச்சிடலாம்.