திருப்பிக் கொடுக்காத இதழ்

(நமது சங்கத்தின் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



செயலாளர் போன் பண்ணி, "பத்து நிமிஷம் பேசணும். ஆனா உன் கம்பெனியைப் பற்றி வேண்டாம்ப்பா, போன தடவை நாலு பேர் அதையே பேசி எல்லாரும் தூங்கிட்டாங்க" என்றார். ஆகவே என்னுடைய பைத்தியக்காரத்தனம் ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன். தூங்குகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம். சாப்பாட்டுக்கு நானே எழுப்பி விடுகிறேன்.

இரண்டாம் வருஷம் மினி பிராஜெக்டுக்காக நாங்கள் பி.சி.பி. போர்டு செய்ததை என் செட் மறந்திருக்காது. செம்பு ஒட்டிய போர்டில் மார்க்கர் பேனாவால் சர்க்யூட்டை வரைந்து, ஃபெரிக் குளோரைடில் போட்டு ஆட்ட வேண்டும். மை இருக்கிற இடத்தில் செம்பு நிற்கும், மற்ற இடமெல்லாம் கரைந்துவிடும். நான் படத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி வரைய மறந்துவிட்டேன். ஐ.சி.யின் கால்கள் அத்தனையும் இடம் மாறிப் போயின. சட்டையெல்லாம் காவி நிறக் கறையோடு டீக்கடையில் நின்றபோது, முதல் வருஷம் எங்களுக்கு ஆங்கிலம் எடுத்த சார் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நீ ஒரு போர்டைத் திருப்பி எழுத முடியலைங்கற. ஒரு மனுஷன் புஸ்தகம் புஸ்தகமா செம்புத் தகட்டுல தலைகீழா எழுதினான், தெரியுமா?" என்றார்.

அப்படித்தான் வில்லியம் பிளேக் எனக்கு அறிமுகமானார். 1757-இல் லண்டனில் பிறந்தவர். 1772-இல் ஜேம்ஸ் பஸைர் என்ற செதுக்குக் கலைஞரிடம் ஏழு வருஷம் தொழில் பழகச் சேர்ந்தவர். கவிதையும் அவரே, ஓவியமும் அவரே, அச்சகமும் அவரே. அமிலம் அரிக்காத ஒரு கலவையால் செம்புத் தகட்டில் எழுத்தையும் படத்தையும் இடவலம் மாற்றி வரைவார். பிறகு அமிலம் ஊற்றுவார். வரைந்த இடம் மேடாக நிற்கும், மற்றது பள்ளமாகும். மேட்டில் மை தடவிக் காகிதத்தில் அழுத்துவார். மனைவி கேதரின் அச்சடிக்கவும் வண்ணம் தீட்டவும் உதவினார். 1789-இல் 'களங்கமின்மைப் பாடல்கள்', 1794-இல் 'அனுபவப் பாடல்கள்' எல்லாம் இப்படி வந்தவைதான். நம்ம லேப் வேலையேதான்! நாம் மின்சாரம் போகச் செம்பை விட்டுவைக்கிறோம், அவர் மை ஏற விட்டுவைத்தார்.

மறுநாள் சார் ஓர் இதழைக் கொடுத்தார். 'பிளேக்: அன் இல்லஸ்ட்ரேட்டட் குவார்ட்டர்லி' என்று பெயர். முழுக்க முழுக்க பிளேக்குக்காகவே ஒரு காலாண்டிதழ்! 1967-இல் மார்ட்டன் பேலி 'பிளேக் நியூஸ்லெட்டர்' என்று தொடங்கியது. பிறகு மாரிஸ் ஈவ்ஸும் சேர்ந்து நடத்தி, 1977-இல் இந்தப் பெயருக்கு மாறியது. அமெரிக்காவில் இருந்த உறவினர் மூலம் சார் ஓர் அலமாரித் தட்டு அளவுக்குச் சேர்த்து வைத்திருந்தார். எனக்குக் கொடுத்தது 35-ஆம் தொகுதி, மூன்றாம் எண், 2001-02 குளிர்கால இதழ். "படிச்சிட்டுக் குடு" என்றார்.

அதில் ராபர்ட் எஸிக், ஜோசப் விஸ்கோமி இருவரும் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்று. பிளேக்கின் வண்ண அச்சுகள் ஒரே அழுத்தலில் வந்தவையா, இரண்டு அழுத்தலிலா என்பது கேள்வி. முதலில் மையை அச்சடித்துவிட்டு, அதே தாளை மறுபடி தகட்டின்மேல் வைத்து வண்ணத்தை அச்சடித்தார் என்று மைக்கேல் பிலிப்ஸ் 2000-இல் வந்த தம் நூலில் எழுதியிருந்தார். இவர்கள் இல்லை என்றார்கள். இருமுறை வைத்தால் கோடு கொஞ்சமாவது விலகாதா, அந்த விலகல் எங்கே என்று படம் படமாகப் பெரிதாக்கிக் கேட்டார்கள். இரண்டு பக்க போர்டில் துளைகள் ஒத்துப்போகாமல் அழுதவர்கள் இங்கே எத்தனை பேர்? உங்களுக்கு அந்தக் கேள்வி உடனே புரியும். எனக்கும் புரிந்தது. ஆங்கில இலக்கியத்தில் எனக்குப் புரிந்த முதல் கட்டுரை அதுதான்.

படித்தேன். திருப்பிக் கொடுக்கவில்லை. அடுத்த வாரம், அடுத்த செமஸ்டர் என்று தள்ளிப்போய், 2011-இல் கோர்ஸ் முடிந்து பெட்டி கட்டியபோது அதுவும் பெட்டிக்குள் போய்விட்டது. 2014-இல் சார் காலமானார். துக்கம் விசாரிக்கப் போனபோது இதழைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். அம்மா அலமாரியைக் காட்டினார். காலியாக இருந்தது. "இடமில்லைப்பா, பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டோம். யாருக்கு வேணும்?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது? நான் பையைத் திறக்கவே இல்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது இந்தப் பைத்தியம். அந்த அலமாரியை மறுபடி நிரப்பிவிடுவது என்று. இது எளிதல்ல. காகித இதழ் 2011-இல் 44-ஆம் தொகுதியோடு நின்றுவிட்டது. பிறகு இணையத்தில் மட்டும்தான். பழைய புத்தக வியாபாரி ஒருவர் 'எண் 3' என்று மட்டும் போட்டிருந்ததை நம்பிப் பணம் அனுப்பினேன். வருஷா வருஷம் ஒரு எண் 3 உண்டே! என்னிடம் ஏற்கெனவே இருந்ததே வந்து சேர்ந்தது. பத்திரிகையை விடத் தபால் செலவு அதிகம். அப்போது கைகொடுத்தது நம் சங்கம்தான். அமெரிக்காவிலிருந்து வந்த நண்பர்கள் பெட்டியில் நாலு நாலாகத் தூக்கி வந்தார்கள். "சாக்லேட்டுக்கு இடமில்லாம இந்தக் குப்பையா?" என்று ஒரு நண்பருக்கு அவருடைய அம்மாவிடம் அர்ச்சனையும் கிடைத்தது. அவர் இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

என் மனைவி ஒரு நாள் நியாயமாகக் கேட்டாள்: "பழைய இதழெல்லாம் பிளேக் ஆர்கைவ்ல சும்மாவே படிக்கலாமாமே, எதுக்கு இந்தச் செலவு?" உண்மைதான். நானும் அங்கே படிக்கிறேன். ஆனால் தேடிப் படிக்கும்போது தேடியது மட்டும் வருகிறது. கையில் வாங்கிப் புரட்டும்போது தேடாததும் வருகிறது. அந்த அச்சுச் சண்டையின் தொடர்ச்சியை 36-ஆம் தொகுதி இரண்டாம் எண்ணில், 2002 இலையுதிர்கால இதழில், கண்டேன். பிலிப்ஸ் அதில் தம் தரப்பில் ஒரு திருத்தம் எழுதியிருக்கிறார். மார்ட்டின் பட்லின் என்ற அறிஞரும் உள்ளே புகுந்திருக்கிறார். எஸிக்கும் விஸ்கோமியும் பதில் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே இதழில், ஒரே அட்டைக்குள். நாம் தவறு செய்தால் பைலை அழித்துவிட்டுப் புதுசு போடுகிறோம். இவர்கள் தவறையும் வைத்து, திருத்தத்தையும் அதன் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். வரிசை முழுசாக இருந்தால்தான் அது தெரிகிறது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். 1809-இல் அண்ணன் வீட்டில், உள்ளாடை, காலுறை விற்கும் கடைக்கு மேலே, பிளேக் ஒரு கண்காட்சி வைத்தார். யாரும் சீந்தவில்லை. அதில் ஒரு படம் 'பிராமணர்கள்'. சார்லஸ் வில்கின்ஸ் பகவத் கீதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் காட்சி. தாம் வரைந்த உடை சரியில்லை என்று கேள்விப்பட்டதாக அவரே தம் பட்டியலில் ஒப்புக்கொண்டும் இருக்கிறார். நம் நாட்டைத் தொட்ட அந்தப் படம் இன்று எங்கும் இல்லை. விற்பனைக்கு வந்த பிளேக் பொருட்களை எஸிக் இந்த இதழில் வருஷாவருஷம் பட்டியலிடுவார். ஒவ்வொரு பட்டியலிலும் என் கண் முதலில் அதைத்தான் தேடும். தொலைந்தது என்றைக்காவது வராதா என்ற நப்பாசைதான்.

நண்பர்களே, இதுவரை 131 இதழ்கள் சேர்ந்திருக்கின்றன. இன்று அவற்றைக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுக்கிறேன். நூலகர் ஒரு தட்டு ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எடைக்குப் போடுவதில்லை என்ற ஒரே நிபந்தனைதான். இல்லாத இதழ்களின் பட்டியல் வாசல் மேஜையில் இருக்கிறது. வெளிநாட்டு நண்பர்கள் ஒரு காப்பி எடுத்துக்கொண்டு போகவும்.

131-இல் 130 நான் வாங்கியவை. ஒன்று மட்டும் சாருடையது. முதல் பக்கத்தில் பச்சை மையில் அவர் கையெழுத்து இருக்கிறது. நான் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்திருந்தால் அதுவும் எடைக்குப் போயிருக்கும் என்று சொல்லி நண்பர்கள் என்னைத் தேற்றுகிறார்கள். அது எனக்கு ஆறுதலாக இல்லை. திருப்பிக் கொடுக்கப் போயிருந்தால் அவரோடு இன்னும் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்.

சாருடைய வீட்டம்மா இன்று நம் அழைப்பை ஏற்று வந்திருக்கிறார்கள். அம்மா, இந்த இதழை நீங்கள் கையில் வாங்கி, நீங்களே நூலகரிடம் கொடுக்க வேண்டும். பதினைந்து வருஷத் தாமதத்துக்கு மன்னிக்கவும்.