சுரண்டற் பூச்சு
(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தொழில் விஷயமாக ஒருவர் பேசவேண்டுமெனச் சங்கக் காரியதரிசி அவர்கள் கேட்டபோது, சுவர்ப் பூச்சைப் பற்றிப் பேசுவதாக யாம் ஒப்புக்கொண்டோம். பூச்சு வேலையில் பேச என்ன இருக்கிறதென்று பின்வரிசையில் சிலர் நகைத்தது எம் செவியில் விழாமலில்லை. முப்பத்திரண்டு வருஷம் சாரத்தின்மேல் நின்று பிழைத்த யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். இங்கிலாந்து தேசத்தில் எம் குமாரன் வீட்டுப் பின்சுவரில் எம் கையால் ஒரு பிழை நேர்ந்து, அதன் பழி வேறொருவன் தலையில் விழுந்த பிறகே அவ்வெண்ணம் நீங்கிற்று.

நம் நாட்டுக் கொத்தனாருக்குப் பூச்சின் சிறப்பு வழவழப்பிலேயே இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளில் அரைத்த சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சேர்த்து, கண்ணாடிபோல் மின்னும்வரை தேய்த்த சுவர்களைக் காணாதார் உளரோ? நம் கை அழுத்தவும் தேய்க்கவும் பழகிய கை. ஐரோப்பாவிலோ இதற்கு நேர்மாறான வேலை ஒன்று உண்டு. பூசிய சுவரின் மேல்தோலை, அது பாதி இறுகிய பக்குவத்தில், ஆணிப்பலகையால் சுரண்டி எடுத்து, உள்ளிருக்கும் மணலும் கல்மணியும் வெளியே தெரியும்படி விடுவர். ஜெர்மானியர் இதனைக் 'கிராட்ஸ்புட்ஸ்' என்பர். சுரண்டற் பூச்சு என்பதே அதன் பொருள். சாயம் சேர்த்து ஆலையிலேயே கலந்த உலர்கலவைக்கு அந்நாட்டில் 1893-ஆம் ஆண்டில் 'டெர்ரானோவா' என்னும் பெயரால் காப்புரிமை பெறப்பட்டது. இக்காலத்தில் இங்கிலாந்தில் மூட்டையாக விற்கும் வர்ணக் கலவையை 'மானோகூஷ்' என்கிறார்கள். ஒற்றைப் பூச்சு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. கலவைக்குள்ளேயே வர்ணம் இருப்பதால் மேலே வர்ணம் அடிக்க வேண்டுவதில்லை.

இதனை அழகுக்காக மாத்திரம் சுரண்டுவதாக நினைத்தல் தவறு. பூசி மட்டமாக்கும்போது சிமெண்டும் சுண்ணாம்பும் மேலே ஏறி ஒரு மெல்லிய தோலாகப் படிகின்றன. உலர்ந்து சுருங்குகையில் மயிரிழை போன்ற வெடிப்புகள் முதலில் தோன்றுவது அத்தோலிலேதான். தோலை நீக்கினால் அந்த இழுப்பும் நீங்குகிறது. நிறமும் எங்கும் ஒரே சீராகத் தெரிகிறது.

எம் குமாரன் வீட்டில் இவ்வேலை ஆடி மாதத்தில் நடந்தது. மூத்தவர் ஒருவரும் இளைஞன் ஒருவனுமாக இருவர் வந்தனர். ஒவ்வொரு மூட்டைக்கும் தண்ணீரை அளந்து ஊற்றினர். தண்ணீர் கூடிக் குறைந்தால் நிறம் மாறிவிடுமாம். அளவுபாத்திரத்தைக் கண்டு யாம் நகைத்தோம். முதலில் ஒரு மெல்லிய பூச்சைச் சுவரோடு இறுக அழுத்தினர். செங்கல் ஒருவிதமாகவும் செங்கலிடைச் சாந்து வேறுவிதமாகவும் நீரை உறிஞ்சும்; இந்தப் பூச்சில்லாவிடின் பின்னாளில் செங்கல் வரிசையெல்லாம் நிழல்போல் வெளியே தெரியும். அதன்மேல் இன்னொரு தரம் பூசி, மொத்தம் 18 மில்லிமீட்டர் கனமாக்கி, மட்டப்பலகையால் இழுத்தனர். சுரண்டிய பின் 15 மில்லிமீட்டராவது நிற்கவேண்டுமென்பது கணக்கு. பள்ளமிருந்தால் இப்போதே நிரப்பவேண்டும். சுரண்டும்போது ஆணி பள்ளத்தைத் தொடாது. வேலையைச் சுவரின் நடுவில் நிறுத்தாமல், ஒரு மூலையிலிருந்து மழைநீர்க் குழாய் வரையில் முடித்துவிட்டு, மாலை நான்கு மணிக்குப் போய்விட்டனர்.

பலகை இழுத்த கோடுகள் சுவரில் அப்படியே இருந்தன. சோம்பேறிகள் என்று எண்ணினோம். கழுவி வைத்திருந்த மணியாஸ் கட்டையை எடுத்து, சமையலறை ஜன்னலின் கீழே இரண்டு முழ அளவு இடத்தைக் கால் மணி நேரம் அழுத்தித் தேய்த்தோம். மினுமினுப்பு வந்தது. திருப்தியோடு உறங்கினோம்.

மறுநாள் இளைஞன் தனியே வந்தான். ஏழு மணிக்கு மூலையில் ஆணிப்பலகையை வைத்து ஓர் இழுப்பு இழுத்தான். ஈரக் கலவை ஆணிகளுக்கிடையே ஒட்டிக்கொண்டது. பலகையைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். ஒன்பதரை மணிக்கு மீண்டும் இழுத்தபோது கல்மணிகள் ஒட்டாமல் தெறித்து விழுந்தன, அப்போதுதான் தொடங்கினான். இவ்வேலையின் உயிர் இந்தச் சோதனையிலேயே இருக்கிறது. முந்தினால் ஆணி இழுபட்டுச் சுவர் மெழுகினாற்போல் ஆகும். பிந்தினால் கல்லாய் இறுகிச் சுரண்டிய இடமெல்லாம் வெளிறும். குளிர்ந்த நாளில் மறுநாளும் ஆகலாம். நல்ல வெயிலில் சில மணி நேரத்திலேயே பக்குவம் வந்துவிடும். கடிகாரத்தை நம்பாது ஆணியை நம்பவேண்டும். கை வட்டமாக, ஒரே அழுத்தத்தோடு போகவேண்டும். இடையில் ஆள் மாறுதல் கூடாது. முடிந்தபின் மென்மையான துடைப்பத்தால் பொடியைத் தட்டிவிட வேண்டும்.

ஜன்னலின் கீழே ஆணி பிடிக்கவில்லை. அவன் அழுத்தினான், மேலும் அழுத்தினான். யாம் உள்ளே காபி அருந்திக்கொண்டு பார்த்திருந்தோம். துடைப்பம் போட்டபின் அவ்விடம் தேமல்போல் நின்றது. மாலையில் வந்த எம் குமாரன் மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கில்லையென்றான். இளைஞன் எதிர்வார்த்தை பேசவில்லை. சுவரையும் தன் கையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போனான். இரண்டு நாள் யாமும் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் மூத்தவர் வந்து, அவ்விடத்தை உள்ளங்கையால் தடவி, இதை அழுத்தித் தேய்த்தவர் யாரென்று கேட்டார். தேய்த்தால் அடியிலுள்ள சிமெண்டெல்லாம் மேலே வந்து ஓடுபோல் இறுகிவிடும் என்பதை அவர் கை அறிந்திருந்தது. தான் தேய்க்கவில்லையென்று இளைஞன் சத்தியம் செய்தான். அவர் நம்பினாரில்லை. அப்போதுதான் எம் குமாரனைத் தனியே அழைத்துத் தமிழில் உண்மையைச் சொன்னோம். அவன் சற்றுநேரம் பேசாதிருந்து, "அப்பா, அந்தப் பையனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றான். எமக்குத் தெரிந்த அற்ப இங்கிலீஷில் சொன்னோம்.

தேமலை மாத்திரம் திருத்த வழியில்லை. ஒட்டுப்போட்டால் ஒட்டு தெரியும். மூலையிலிருந்து குழாய் வரையில் கொத்தியெடுத்து மறுபடி பூசினர். அச்செலவை யாம் ஏற்றோம். மறுவேலை சற்றே வெளிறிய நிறமாக அமைந்தது. எமக்கு மட்டுந்தான் அது தெரிகிறதென்று மருமகள் சொல்லுகிறாள்.

நம் ஊர் வெளிச்சுவருக்கு இப்பூச்சு ஏற்குமோவெனச் சிலர் கேட்கலாம். சொரசொரப்பில் தூசி தங்கும். மழை விழும் பக்கத்தில் பாசி பிடிக்கும். வெயிலோ கலவையை வெகு விரைவில் இறுக்கிவிடும். நிழலைப் பின்பற்றி, சுவரை நனைத்துக்கொண்டே பூசவேண்டும். எல்லாச் சுவருக்கும் இது வேண்டுமென்று யாம் சொல்லோம். ஆயினும் வெளிநாட்டு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நலம். அவ்விளைஞன் எமக்குக் கொடுத்த ஆணிப்பலகையை மேஜைமேல் வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்தபின் தொழிலிலுள்ளவர்கள் வந்து கையில் எடுத்துப் பார்க்கலாம். ஆணிகள் கூர்மையானவை, குழந்தைகளைச் சற்று விலக்கி வையுங்கள்.