கைமாறும் வங்கியும் கையிலுள்ள பங்கும்



பிழைப்பை நாடி ஊரை விட்டு வந்த நம்மவர் வீடுகளில் பெரும்பாலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். மும்பையாயினும் தில்லியாயினும், கொல்கத்தாவாயினும் நாகபுரியாயினும், வாடகை வீடு மாறுந்தோறும் அதுவும் நம்முடன் மாறி வரும். அதன் அடியில் ஊர் நிலத்தின் பத்திரம், பிள்ளைகளின் சாதகம், இவற்றுடன் பழுப்பேறிய பங்குப் பத்திரங்கள் சிலவும் கிடப்பதுண்டு. தமிழ்நாட்டு ஊர்கள் பல தமக்கென்று வங்கிகளை அமைத்துக்கொண்டவை. கும்பகோணத்தில் 1904இல் ஒன்று, கரூரில் 1916இல் ஒன்று, தூத்துக்குடியில் 1921இல் ஒன்று, மீண்டும் கரூரில் 1926இல் ஒன்று, மதுரையில் 1943இல் ஒன்று எனத் தோன்றின. அவ்வங்கிகளின் பங்குகளை ஊரார் வாங்கினர். ஊரை விட்டு வந்த பிறகும் விற்க மனமின்றி வைத்திருந்தனர்.

இத்தகைய வங்கி ஒன்றை வேறொரு வங்கி ஏற்கப்போகிறது என்ற செய்தி ஒரு நாள் வருகிறது. ‘பங்கை வைத்திருப்பதா, விற்றுவிடுவதா?’ என்ற வினா அன்றிரவே வீட்டில் எழுகிறது. அவ்வினாவை எவ்வாறு ஆராய்வது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வினா எங்கள் வீட்டிலும் ஒரு முறை எழுந்தது. எங்கள் தந்தையார் இரயில்வேயில் பணியாற்றி நாகபுரியில் குடியேறியவர். அவர் வாங்கி வைத்த ஒரு வங்கியின் பங்குகள் எங்களிடம் இருந்தன. இணைப்புச் செய்தி வந்ததும் எங்கள் தமக்கையார், “அப்பா வயிற்றைக் கட்டி வாங்கியது, இதை விற்கவா பார்க்கிறீர்கள்?” என்றார். எங்கள் இளையவனோ, “அக்கா, விலை ஏறியிருக்கும்போதே விற்றுவிடுவோம், பிறகு யாரைக் கேட்பது?” என்றான். அன்னையாரின் கண் சிகிச்சைக்கு அப்போது பணம் தேவைப்பட்டது. அவர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் இருவருமே வங்கியின் நிலையைப் பார்க்கவில்லை என்பது எங்களுக்குப் பின்னர்தான் புலப்பட்டது. ஒருவர் பாசத்தைப் பார்த்தார். மற்றவர் விலையைப் பார்த்தார்.

வங்கி இணைப்பு என்று ஒரே பெயரால் நாம் சொல்வது உண்மையில் ஒன்றன்று. 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் இரண்டு வழிகளை வகுத்துள்ளது. அச்சட்டத்தின் 44ஏ பிரிவின்படி, இரு தனியார் வங்கிகள் தாமே பேசி முடிவு செய்து இணையலாம். அதற்குப் பங்குதாரர் கூட்டத்தின் இசைவு வேண்டும். கூட்டத்தில் வாக்களிப்போருள் பெரும்பான்மையோர், பங்கு மதிப்பில் மூன்றில் இரண்டு பகுதியை உடையோராய், ஒப்புதல் தரவேண்டும். கூட்டத்தில் எதிர்த்து வாக்களித்தவரும், கூட்டத்துக்கு முன்பே தம் மறுப்பை எழுத்தில் தந்தவரும், ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கும் மதிப்பைப் பணமாகக் கேட்டுப் பெறலாம். இது முதல் வழி. 45ஆம் பிரிவு கூறுவது இரண்டாம் வழி. நலிந்துபோன வங்கியை, அதில் பணம் போட்டவரைக் காக்கும் பொருட்டு, ரிசர்வ் வங்கி திட்டம் வகுத்து மைய அரசின் ஒப்புதலுடன் வேறொரு வங்கியுடன் இணைத்துவிடும். இங்கே பங்குதாரரின் வாக்குக்கு இடமில்லை. கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி 1960இல் வீழ்ந்தபின் இவ்வதிகாரம் விரிவு பெற்றது.

இவ்விரு வழிகளும் பங்குதாரரை எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்பதற்கு நம் தமிழ்நாட்டு வங்கிகளே சான்று.

மதுரையில் கருமுத்து தியாகராசர் தொடங்கிய பாங்க் ஆஃப் மதுரை, 2001 மார்ச்சில் ஐசிஐசிஐ வங்கியுடன் தன் விருப்பால் இணைந்தது. அதன் ஒரு பங்குக்கு ஐசிஐசிஐ வங்கியின் இரண்டு பங்குகள் கிடைத்தன. நூறு பங்கு வைத்திருந்தவர் இருநூறு பங்கு பெற்றார். 2014இல் ஐசிஐசிஐ வங்கி தன் பத்து ரூபாய் முகமதிப்புள்ள பங்கை இரண்டு ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்தது, இருநூறு ஆயிரமாயிற்று. 2017இல் பத்துக்கு ஒன்று வீதம் ஊக்கப் பங்கு தந்தது. ஆயிரம் ஆயிரத்து நூறாயிற்று. பெட்டியைத் திறவாமலே இருந்தவர்க்கும் இக்கணக்கு பொருந்தும்.

கரூரில் 1926இல் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கியின் கதை வேறு. 2019 ஏப்ரலில் அதை இந்தியாபுல்ஸ் வீட்டுக்கடன் நிறுவனத்துடன் இணைக்கும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. நூறு பங்குக்குப் பதினான்கு பங்கு என்று விகிதமும் கூறப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் ரிசர்வ் வங்கி அதற்கு இசைவு மறுத்தது. அறிவிக்கப்பட்ட இணைப்பெல்லாம் நிறைவேறிவிடும் என்று எண்ணலாகாது என்பது இதனால் விளங்கும். பின்னர் 2020 நவம்பர் 17ஆம் நாள் மாலை அவ்வங்கிக்குத் தடை விதிக்கப்பட்டது. வைப்பாளர் பொதுவாக 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க இயலாதாயிற்று. அதை டிபிஎஸ் வங்கியின் இந்திய நிறுவனத்துடன் இணைக்கும் வரைவுத் திட்டமும் உடனே வெளியாயிற்று. நவம்பர் 27ஆம் நாள் இணைப்பு நிறைவேறியது. வைப்பாளர்களின் பணம் முழுமையும் காக்கப்பட்டது. பங்கு மூலதனமோ முழுவதும் நீக்கப்பட்டது. நூறு பங்குக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. ஆயிரம் பங்குக்குக் கிடைத்ததும் ஒன்றுமில்லை. 2004இல் ஐதராபாத்தின் குளோபல் டிரஸ்ட் வங்கி, ஓரியண்டல் வங்கியுடன் இணைக்கப்பட்டபோதும் பங்குதாரர்க்கு இதே கதியே நேர்ந்தது.

இதில் ஒரு செய்தி நம் கருத்துக்குரியது. வரைவுத் திட்டத்தில் ‘பங்கு மூலதனம் நீக்கப்படும்’ என்று அச்சிட்டு வெளியிட்ட பிறகும், லட்சுமி விலாஸ் வங்கியின் பங்கு சில நாள் சந்தையில் கைமாறிக்கொண்டே இருந்தது. விலை சரிந்தும் வாங்குவோர் இருந்தனர். பெரிய வங்கி வருகிறது, ஏதேனும் தருவார்கள் என்னும் நம்பிக்கையே அவர்களை வாங்கச் செய்திருக்கும். திட்டத்தைப் படித்திருந்தால் அந்நம்பிக்கைக்கு இடமே இராது.

ஆதலின், நாம் கேட்கவேண்டிய முதல் வினா, ‘நம் வங்கி வலிமையால் இணைகிறதா, வறுமையால் இணைகிறதா?’ என்பதே. இதை அறிய நாம் கணக்காயராக வேண்டுவதில்லை. வங்கி ஒவ்வொரு காலாண்டும் வெளியிடும் அறிக்கையில் மூலதன நிறைவு விகிதம் என்றோர் எண் இருக்கும். கொடுத்த கடனில் இழப்பு நேர்ந்தால் தாங்குவதற்கு வங்கியிடம் சொந்த முதல் எவ்வளவு உள்ளது என்பதை அது காட்டும். நூற்றுக்கு ஒன்பதேனும் இருத்தல் வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அடிப்படை விதி. லட்சுமி விலாஸ் வங்கியில் 2020 மார்ச் இறுதியில் அது 1.12 ஆக இருந்தது. செப்டம்பரில் பூச்சியத்துக்கும் கீழே போயிற்று. பூச்சியத்துக்குக் கீழே போனது என்றால் பங்குதாரரின் முதல் கரைந்துவிட்டது என்பதே பொருள். இவ்வெண்கள் மறைவில் இருக்கவில்லை. தடை வருமுன்பே வெளிவந்திருந்தன.

வைப்பாளர் வேறு, பங்குதாரர் வேறு என்பதையும் நாம் மறத்தலாகாது. வங்கியில் பணம் போட்டவர் வங்கிக்குக் கடன் கொடுத்தவர். அவருக்கு 2020 பிப்ரவரி முதல் ஐந்து இலட்சம் ரூபாய் வரையில் காப்பீடும் உண்டு. பங்கு வாங்கியவரோ உரிமையாளர். இலாபத்தில் அவர்க்கு இடமுண்டு. இழப்பில் அவர்க்கே முதலிடம். ‘வங்கியை அரசு கைவிடாது’ என்று கேள்விப்படும்போது, அது வைப்பாளரைக் குறித்த பேச்சு என்று உணர்தல் வேண்டும்.

இரண்டாம் வினா, ‘மாற்று விகிதம் என்ன?’ என்பது. விகிதம் அறிவிக்கப்படும் வரையில் சந்தை விலை ஊகத்தின் மேல் நிற்கிறது. 2019 ஏப்ரலில் பாங்க் ஆஃப் பரோடாவுடன் விஜயா வங்கியும் தேனா வங்கியும் அரசின் திட்டப்படி இணைந்தன. ஆயிரம் விஜயா பங்குக்கு 402 பரோடா பங்குகள் கிடைத்தன. ஆயிரம் தேனா பங்குக்கு 110 மட்டுமே கிடைத்தன. ஒரே இணைப்புத்தான், ஆயினும் இரு வங்கிகளின் பங்கும் ஒரே மதிப்புப் பெறவில்லை.

விகிதம் அறிவிக்கப்பட்ட பின்னரோ வினாவே மாறிவிடுகிறது. பெங்களூரின் ஐஎன்ஜி வைஸ்யா வங்கி 2015 ஏப்ரலில் கோடக் மகிந்திரா வங்கியுடன் இணைந்தபோது, ஆயிரம் பங்குக்கு 725 என்பது விகிதம். கணக்குக்காகக் கோடக் பங்கின் விலை ஆயிரம் ரூபாய் என்று கொள்வோம். அப்போது வைஸ்யா பங்கின் மதிப்பு 725 ரூபாய். சந்தையில் அது 700க்கு விற்குமானால், இடையிலுள்ள 25 ரூபாய் காத்திருப்புக்கும் ஐயத்துக்கும் சந்தை இட்ட விலை. கோடக் விலை ஏறினால் வைஸ்யாவும் ஏறும். இறங்கினால் இதுவும் இறங்கும். ஆதலின் விகிதம் வெளியான நாள் முதல் நம் கையில் இருப்பது பெயரளவில்தான் பழைய வங்கியின் பங்கு. ‘ஏற்கும் வங்கியின் பங்கை இன்று நாமே காசு கொடுத்து வாங்குவோமா?’ என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். வாங்குவோம் எனில் வைத்திருக்கலாம். வாங்கமாட்டோம் எனில் வைத்திருப்பதற்குக் காரணம் பழக்கமன்றி வேறில்லை. தந்தையார் என்ன விலைக்கு வாங்கினார் என்பது இவ்விடத்தில் எதையும் மாற்றாது.

மூன்றாம் வினா நம் வீட்டைப் பற்றியது: ‘இப்பணம் எதற்காக?’ ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் பெரியோர். ஓராண்டுக்குள் மருத்துவத்துக்கோ மகளின் படிப்புக்கோ வேண்டிய பணத்தை, முடிவு தெரியாத ஓர் இணைப்பின்மேல் நிறுத்தி வைத்தல் தகாது. எவ்வளவு நல்ல வங்கியாயினும் தகாது.

இம்மூன்று வினாக்களுக்கும் முன்னே நிற்பது இன்னொன்று. வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு அது மிக இன்றியமையாதது. விற்பதென்று முடிவு செய்தாலும் விற்க இயலுமா? 2019 ஏப்ரல் முதல், காகிதப் பத்திரமாக உள்ள பங்கை அப்படியே விற்றுப் பெயர் மாற்ற விதி இடந்தரவில்லை; அதை டீமாட் கணக்கில் சேர்த்தல் வேண்டும். பத்திரத்தில் உள்ளது ஊரிலிருந்த பழைய முகவரியாயின், கூட்ட அறிவிப்பு அங்கேயே போய்ச்சேரும். ஏழு ஆண்டு தொடர்ந்து பங்காதாயம் கோரப்படாமல் கிடந்தால், அத்தொகையும் பங்குகளும் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குச் சென்றுவிடும். அவற்றை மீட்க வழியுண்டு. ஆனால் இணைப்பு நடக்கும் அவசரத்தில் மீட்க முடியாது.

எங்கள் வீட்டில் நேர்ந்ததும் இதுவே. விற்பதா வேண்டாவா என்று நாங்கள் வாதிட்டுக்கொண்டிருந்தபோது, பத்திரங்கள் தந்தையார் பெயரிலேயே, அவர் பிறந்த தெருவின் முகவரியிலேயே இருந்தன. அவற்றை அன்னையார் பெயருக்கு மாற்றி, கணக்கில் சேர்த்து முடிப்பதற்குப் பல வாரங்கள் சென்றன. அவ்வாரங்களில் எங்கள் வாதத்துக்குப் பொருளே இல்லை. நல்வினையாக அவ்வங்கி வலிமையுடன் இணைந்த வங்கியாக இருந்தது. கணக்கு கைக்கு வந்தபின் பாதியை விற்றோம். அன்னையாரின் இரு கண்களுக்கும் சிகிச்சை நடந்தது. மீதிப் பாதியைத் தமக்கையாரின் விருப்பப்படி வைத்துக்கொண்டோம். பிற்பாடு விலை ஏறியது. “எல்லாவற்றையும் வைத்திருக்கலாமே!” என்றார் தமக்கையார். அன்னையார் செய்தித்தாளைக் கண்ணாடியின்றிப் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் மறுமொழி கூறவில்லை.

ஊர்ப் பாசம் பெரிது; அதைக் குறை கூறுவார் இல்லை. ஆனால் அப்பாசத்தை வங்கியின் கணக்கேடு அறியாது. இவ்வார விடுமுறையில் அத்தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பத்திரம் யார் பெயரில், எந்த முகவரியில் உள்ளது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வங்கியின் அண்மை அறிக்கையில் அந்த ஓர் எண்ணையும் பாருங்கள். இவ்விரண்டையும் இன்று செய்து வைத்தால், இணைப்புச் செய்தி வரும் நாளில் முடிவு செய்யும் உரிமை நம் கையில் இருக்கும்.