கலையா, கைத்தொழிலா?



சில வருஷங்களுக்கு முன் திருப்பதி தரிசனம் முடித்து ஸ்ரீகாளஹஸ்திக்குப் போனோம். அப்போது அது சித்தூர் மாவட்டம். 2022 முதல் திருப்பதி மாவட்டம். ராகு கேது பூஜை ஆனதும், கலம்காரி எழுதும் ஒருவர் வீட்டுக்குச் சென்றோம். ராம பட்டாபிஷேகம் எழுதிய துணியை விரித்துக் காட்டினார். என் வாயில் முதலில் வந்த வார்த்தை, "கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?" என்பதுதான். அவரும் குறைத்துக் கொடுத்தார்.

அதற்கு முந்தின மாதம் சென்னையில் ஓர் ஓவியக் கண்காட்சியில் சொன்ன விலையைக் கொடுத்துப் படம் வாங்கினேன். அங்கே பேரம் பேசத் தோன்றவேயில்லை. அது கலை, இது கைத்தொழில் என்று என் மனதில் ஒரு கோடு இருந்திருக்கிறது.

அந்தத் துணி எப்படி உருவாகிறது? காடாத் துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். பாலின் கொழுப்பினால் மை கசிந்து பரவாது. கறுப்பு மை, இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் பல நாள் நீரில் ஊறவைத்து எடுப்பது. சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகார நீரைப் பூசுகிறார்கள். பூசும்போது அங்கே சிவப்பு கிடையாது. சாயவேரோடு கொதிக்க வைத்த பிறகுதான் அந்த இடம் சிவக்கும். நாளை வரப்போகும் நிறத்தை இன்றே மனதில் கண்டு கை ஓடவேண்டும். இதை வெறும் கைவேலை என்று எப்படிச் சொல்வது?

"ஒரே பட்டாபிஷேகத்தைத்தானே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள், இதில் சொந்தக் கற்பனை எங்கே?" என்று கேட்கலாம். நம் சபாக்களில் ஒரே தியாகராஜ கிருதியை எத்தனை வித்வான்கள் பாடுகிறார்கள்! அதை நகல் என்றா சொல்கிறோம்? பாடாந்தரம் என்கிறோம், மனோதர்மம் என்கிறோம். காளஹஸ்திக்காரருக்கு மட்டும் வேறு நியாயமா?

நம் பழைய சொல்லான 'சில்பம்' இரண்டையும் சேர்த்தே குறித்தது. சென்னையில் 1850-ல் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளி, பின்னாளில் கலை, கைத்தொழில் இரண்டின் பெயரையும் தாங்கி நின்றது. இன்று அது அரசு கவின் கலைக் கல்லூரி. கைத்தொழில் என்ற சொல் பெயர்ப் பலகையிலிருந்து போய்விட்டது. ஆனால் அந்தப் பள்ளியின் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர் வழிகாட்ட 1966-ல் சோழமண்டலம் கிராமத்தை உருவாக்கிய ஓவியர்களுக்கு, பாத்திக் துணிகள்தான் சோறு போட்டன. திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் சிற்பக் கலை நிலையத்திலோ கற்சிற்பமும் கலம்காரியும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்படுகின்றன.

காளஹஸ்தியில் இந்தக் கலை நலிந்திருந்தபோது, கமலாதேவி சட்டோபாத்யாயா எடுத்த முயற்சியால் 1957-ல் பயிற்சி மையம் வந்தது. அவ்வூர் ஜே. குரப்ப செட்டிக்கு 2008-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அரசாங்கம் பெயர் சொல்லி மரியாதை செய்துவிட்டது. நான்?

என் வீட்டுக் கூடத்தில் இரண்டும் மாட்டியிருக்கின்றன. சென்னைப் படத்தின் மூலையில் ஓவியரின் கையெழுத்து இருக்கிறது. பட்டாபிஷேகத் துணியில் பெயர் இல்லை. எழுதியவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். விலையைக் கேட்டேன், பெயரைக் கேட்கவில்லை. வந்தவர்கள், "யார் எழுதியது?" என்று கேட்டால் இன்றும் பதில் சொல்ல முடிவதில்லை.

நம் அங்கத்தினர்களில் வருஷம் ஒருமுறையாவது திருப்பதி போகாதவர்கள் குறைவு. அடுத்த முறை காளஹஸ்திக்கும் போனால், முதலில் பெயரைக் கேளுங்கள். துணியின் ஓரத்தில் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம். பெயரைக் கேட்டபின் பேரம் பேச மனசு வராது என்று நினைக்கிறேன்.