அதட்டினால் அடங்குமா?

(யூபிலி விழாவையொட்டி நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் தங்கள் கோபதாபங்களைச் சமாளிக்க உதவும் சிகிச்சைகளைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். சென்ற ஆண்டுத் திருவிழாவில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன்.

தேர் புறப்படும் நேரம். வெடி வெடித்ததும் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். தன் கையைத் தானே கடித்துக்கொண்டான். பிடிக்கப் போனவர்களை உதறித் தள்ளினான். "பேய் பிடித்திருக்கிறது" என்றார் ஒருவர். "நாலு அடி போட்டால் சரியாகிவிடும்" என்றார் இன்னொருவர். ஆசிரியையாகிய நானும் ஓடிப்போய் அதட்டினேன். அவன் அலறல் கூடியதே தவிரக் குறையவில்லை. அவன் தாய் தலையைக் குனிந்தபடி அவனை இழுத்துச் சென்ற காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆட்டிசம் பேயுமல்ல, வளர்த்தவர் குற்றமுமல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு அது. 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைக் கவனித்து இதைப் பற்றி விரிவாக எழுதினார். நம் அரசாங்கக் காகிதங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று இவர்களைக் குறிப்பிடுவதுண்டு. அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. இவர்களில் பலருக்குப் புற உலகம் நமக்குக் கேட்பதைவிட உரக்கக் கேட்கிறது. அதுதான் தொல்லை. தம்முள் எழுவது பயமா, கோபமா, பசியா என்று பெயர் சொல்லவும் பலருக்குத் தெரிவதில்லை.

ஆகவே சிகிச்சை என்பது அலறும்போது செய்வதல்ல, அலறாத வேளையில் கற்றுக்கொடுப்பது. காரி டன் பூரன், மிட்ஸி கர்ட்டிஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆசிரியைகள் 2003-ல் ஐந்து படி அளவுகோல் ஒன்றை நூலாக வெளியிட்டார்கள். அதை நான் உலைப்பானையாக மாற்றிக்கொண்டேன். ஒன்று என்றால் தண்ணீர் குளிர்ந்திருக்கிறது. மூன்று என்றால் சூடேறுகிறது. ஐந்து என்றால் பொங்கி வழிகிறது. பையன் படத்தில் விரலை வைத்துக் காட்டுவான். மூன்றைத் தொட்டால் வெளியே போய் உட்காரலாம், யாரும் ஏன் என்று கேட்கக்கூடாது. ஐந்தில் நின்று அறிவுரை சொல்வது வீண். அப்போது கூட்டத்தை விலக்கி, சத்தத்தைக் குறைத்து, பேசாமல் பக்கத்தில் இருந்தால் போதும். இதைப் படிக்க அவனுக்கு ஐந்து மாதம் பிடித்தது. அதட்டாமல் இருக்கப் படிக்க எனக்கு அதைவிட அதிகம் பிடித்தது!

நன்றாகப் பேசத் தெரிந்த இளைஞர்களுக்கு, பயத்தைத் தூண்டும் நினைப்பை ஆராய்ந்து சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்கும் சிகிச்சை உண்டு. அதை இவர்களுக்கேற்றபடி படங்களோடு மாற்றிச் செய்யும்போது பதற்றம் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கடும் எரிச்சலுக்கு மருத்துவர் சில சமயம் மாத்திரை தருவார். ஆட்டிசத்தையே போக்கும் மாத்திரை கிடையாது. அப்படிச் சொல்லி விற்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இந்த மலையில் நமக்கு நிபுணர் ஏது என்பீர்கள். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் 1957-ல் தொடங்கியது. நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிப் பராமரிப்பது அங்கே பல்லாண்டு வழக்கம். அதன் 'நம்பிக்கை நிலையத்தில்' பெற்றோரே பயிற்சி பெற்றுத் திரும்புகிறார்கள். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்களே 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு வழிகாட்டினார்கள். பிள்ளைகள் தாமாகவே பெற்றோரை நாடிப் பழகுவது அதிகரித்தது. நம் பையன் அந்த வயதைத் தாண்டியவன்தான். ஆனாலும் டாக்டர் பட்டம் இல்லாதவரும் உதவலாம் என்பது தெரிகிறதல்லவா?

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்துள்ளது. அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க விரும்பும் தாய்மார்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள், சேர்ந்தே எழுதுவோம்.

கடைசியாக இளைஞர் மன்றத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. இன்றிரவு வெடியை எட்டு மணிக்குத்தான் வைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். ஏழே முக்காலுக்கு அந்தப் பையன் தேரைத் தொட்டு வணங்கிவிட்டுப் பள்ளிக்கூடத்துப் பின்னறைக்குப் போய்விடுவான். அவன் தாய்க்கு நேரத்தைச் சொல்லியாயிற்று. தயவுசெய்து முன்கூட்டி வைத்துவிடாதீர்கள்.