பட்டம் பெற்ற பின்னர்

(திண்டிவனத்தில் கூடிய நமது சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டு பட்டம் பெற்ற நம் பிள்ளைகளுக்கு மாலையிட்டு வாழ்த்தும்பொருட்டு இங்குக் கூடியுள்ளோம். அம்மாலை வாடிய பின்னர் அவர்கள் எங்குச் சென்றனர், எத்தொழிலில் அமர்ந்தனர் என்று கேட்பார் யாவர்? இவ்வினாவையே யான் இன்று பேசப் புகுந்தேன்.

1960களின் பிற்பகுதியில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசினர் கலைக் கல்லூரிகள் தோன்றின. அதுகாறும் நம்மவர் பிள்ளைகள் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் சென்னைக்கும் போக வேண்டியிருந்தது. நெடுங்காலம் சென்று, காகுப்பத்திலும் மேல்பாக்கத்திலும் அண்ணா சர்வகலாசாலையின் பொறியியற் கல்லூரிகள் அமைந்தன. ஆகவே, கல்லூரி நம் வாயிலுக்கே வந்துவிட்டது. உத்தியோகம் அவ்வாறு வரவில்லை.

பட்டதாரிக்குத் தொழில் தேடித் தருதல் சர்வகலாசாலையின் கடமைதானா என்று சிலர் ஐயுறுவர். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை 1892ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு குழு நிறுவிற்று. நம் நாட்டிலும் சென்னை, அண்ணாமலை முதலிய சர்வகலாசாலைகளில் வேலைவாய்ப்புத் தகவலும் வழிகாட்டுதலும் நல்கும் நிலையங்கள் உள்ளன. 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நம் அரசினர் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரிப் பாடத்தோடு தொழிற்பயிற்சியையும் சேர்த்தளிக்கின்றது. இவையெல்லாம் போற்றத்தக்கன. ஆயினும், உதவி செய்வோன் யாருக்கு உதவி வேண்டும் என்பதை முன்னர் அறிதல் வேண்டுமன்றோ? அவ்வறிவுதான் நம்மிடம் குறைவு.

இந்திய அரசினர் 2016ஆம் ஆண்டு முதல் கல்வி நிலையங்களைத் தரவரிசைப்படுத்தி வெளியிட்டு வருகின்றனர். குறித்த காலத்தில் பட்டம் பெற்றோர் எத்தனை பேர், அவருள் வேலையில் அமர்ந்தோர் எத்தனை பேர், மேற்படிப்புக்குச் சென்றோர் எத்தனை பேர், இடைச் சம்பளம் யாது என்று ஒவ்வொரு நிலையமும் எழுதித் தருகின்றது. யான் தமிழ்ப் பண்டிதனேயன்றிக் கணக்குப் பண்டிதன் அல்லேன். எனினும் இடைச் சம்பளம் என்பதைச் சிறிது விளக்குவேன். ஒரு வகுப்பில் அறுபது பேர் தேறி, பதினொருவர் வேலை பெற்றனர் என்று வைத்துக்கொள்வோம். அப்பதினொருவர் சம்பளத்தை ஏறுமுகமாக எழுதினால் ஆறாவதாக நிற்பதே இடைச் சம்பளம். எஞ்சிய நாற்பத்தொன்பதின்மர் இவ்வெண்ணில் இல்லை. பிள்ளையைக் கல்லூரியிற் சேர்க்கும் தந்தையார் விளம்பரத்திற் காணும் சம்பளத்தை மாத்திரம் நோக்காது, எத்தனை பேருள் எத்தனை பேர் என்று கேட்டல் வேண்டும். நியமனக் கடிதம் பெற்றோர் அனைவரும் வேலையிற் சேர்ந்தனரா என்றும் கேட்கலாம்; கேட்டால் முகம் சுளிக்கும் கல்லூரியை விட்டு வேறிடம் பார்க்கலாம்.

பிரிட்டனில் படிப்பு முடிந்து ஏறத்தாழப் பதினைந்து திங்கள் கழித்துப் பட்டதாரிகளை வினவுகின்றனர். வேலை உண்டா என்பதோடு நில்லாமல், கற்றது அவ்வேலையிற் பயன்படுகின்றதா, அது பொருளுடையதாகத் தோன்றுகின்றதா என்றும் கேட்கின்றனர். நல்ல கேள்விகள்! தமிழில் முதுகலை கற்று ஜவுளிக்கடையில் துணி மடிக்கும் என் பழைய மாணாக்கன் அதற்கு என்ன விடை கூறுவான் என்பதை யான் அறிவேன். நம் கணக்கில் அவனும் ‘வேலையில் உள்ளவன்’தான்.

கல்லூரிகளையே குறை கூறுதல் நியாயமன்று. யான் அறிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைச் சொல்லுகின்றேன். மகன் பட்டம் பெற்று ஓராண்டாக வீட்டிலிருந்தான். கல்லூரியிலிருந்து டெலிபோனில் கேட்டபொழுது அன்னையார், “சென்னையிலே கம்பெனியிலே இருக்கிறான்” என்றார். அயலார் காதில் விழுமே என்னும் நாணம். கல்லூரியார் அவ்வாறே குறித்துக்கொண்டனர். இரண்டு திங்கள் கழித்து வேலையில்லாதோரை மாத்திரம் அழைத்து ஒரு முகாம் நடத்தியபொழுது அவனுக்கு அழைப்பு வரவில்லை. அவ்வம்மையாரை யான் பழிக்கமாட்டேன். திருமணப் பேச்சு நடக்கும் வீட்டில் இவ்வாறு சொல்லாதார் நம்முள் எத்தனை பேர்? பெண்மக்கள் நிலை இதனினும் கடினம். தந்தையாரின் டெலிபோன் எண்ணே கல்லூரிப் பதிவிலிருக்க, மணமாகிப் பிற ஊர் சென்றவரைக் கண்டுபிடிப்பார் இலர்.

குடும்பத்தின் முதல் பட்டதாரி என்னும் சான்றிதழ் பெற நாம் அலுவலகந்தோறும் அலைகின்றோம். நுழையும்பொழுது காட்டும் இவ்வூக்கத்தில் பாதியை வெளியேறும்பொழுது காட்டினால் எவ்வளவோ நலமுண்டு. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கொரு முறை புதுப்பித்தல் வேண்டும் என்பதையே பலர் மறந்து, பதிவு மூப்பை இழக்கின்றனர். அவ்வலுவலகத்தார் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்கும் நம்மவர் போதிய அளவு செல்லுவதில்லை.

ஆதலின், நம் சங்கமே ஒரு பதிவேடு வைத்தல் வேண்டுமென்பது என் விண்ணப்பம். விழுப்புரத்தில் ஒன்று, திண்டிவனத்தில் ஒன்று. பட்டம் பெற்ற ஓராண்டு கழித்து ஒரு முறையும், மூன்றாண்டு கழித்து மறுமுறையும் ஒவ்வொருவரையும் வினவுதல் வேண்டும். வினவுவோர் உறவினராயிருத்தல் கூடாது. உறவினரிடம் உண்மை வாராது. பெயரையும் சம்பளத்தையும் பத்திரிகையில் வெளியிடுதல் அறவே கூடாது. தொகை மாத்திரம் வெளியிடலாம். பெண்மக்களிடம் அவர்தம் சொந்த எண்ணையே கேட்டுப் பெறுதல் வேண்டும். வேலையில்லை என்று எழுதுவோருக்கு, அவ்வத்துறையில் உள்ள நம் அங்கத்தினர் ஒருவர் பதினைந்து நாட்களுக்குள் நேரிற்சென்று பேசுதல் வேண்டும். இவ்விரண்டு ஊர்களிலும் ஆசிரியர், வக்கீல், வியாபாரி, பாங்கு ஊழியர் என நம்மவர் பலர் உளர்; ஆளுக்கு இருவரை ஏற்றுக்கொண்டாலும் போதும்.

படிவம் ஒன்றை எழுதிக் கொண்டுவந்துள்ளேன். வாயிலருகே மேசையில் இருக்கின்றது. மாலையிட்டுக்கொண்ட பிள்ளைகள் உணவுக்குச் செல்லுமுன் அதனை நிரப்பித் தருவாராக.